தவளை மூலை

நவம்பர் 1, 1976. திங்கள்

இன்று மேல்தெரு இறக்கத்தில் ஒரு தட்டு ரொட்டி முழுவதும் உருண்டோடியது. குற்றம் என்னுடையது அல்ல, வானொலியுடையது. ரக்பிக் கோப்பையில் யாரோடு யார் ஆடுவது என்று சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எங்கள் பிரின்காம் என்று வந்தது. முதலில் வருகிறவன் ஊரில்தான் ஆட்டம். அடுத்த சீட்டு: அபர்வென். நான் பிரேக்கை மிதித்தேனா, வண்டியே மயக்கம் போட்டதா என்று இன்னும் முடிவாகவில்லை. ரொட்டிகள் மட்டும் செய்தியை முந்திக்கொண்டு சொல்லப் போவதுபோல் ஆற்றுப் பக்கம் ஓடின.

அபர்வென்! நாட்டு அணிக்கே ஆடிய நாலு பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய முன்வரிசைக்காரன் ஒருவன் தும்மினால் எங்கள் பள்ளத்தாக்கில் ஆடுகள் நாள் தவறிக் குட்டி போடும். அப்படிப்பட்ட சங்கம் சொந்தப் பேருந்தில் எங்கள் மலைக்கு ஏறி வந்தாக வேண்டும். எங்கள் தகரக் கொட்டகையில் உடை மாற்ற வேண்டும். ஒரே குழாயில் வரும் வெந்நீருக்கு எங்கள் பையன்களுக்குப் பின்னால் துண்டோடு நிற்க வேண்டும். வேறு வழியே கிடையாது. சீட்டு சொல்லிவிட்டது.

எங்களிடம் என்ன இருக்கிறது? சுரங்கத்திலிருந்து காதைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடி வரும் பதினைந்து பேர். ஒரு சாய்ந்த மைதானம். மேல்பக்கம் வைத்த பந்து தானாகக் கீழ்ப்பக்கம் போய் நின்று, 'வரலையா?' என்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். கீழ்ப்பக்க ஓரத்தில் தவளை மூலை. இந்தக் கோடையில் நாடே தெருக்குழாயில் வாளியோடு வரிசையில் நின்றது. ஆறுகள் எலும்பாகக் கிடந்தன. அப்போதும் அந்த மூலையில் சேறு. அந்தச் சேற்றில் ஒரு தவளை, குடிமக்களுக்குத் தரிசனம் கொடுக்கும் அரசன்போல. தெரியாமல் அங்கே கால் வைப்பவன் கணுக்கால்வரை போவான். கொஞ்சம் கனமானவன் ஆஸ்திரேலியாவில்தான் தலை நீட்டுவான்.

பிறகு நான் இருக்கிறேன். ஹாண்டல் பிரிச்சர்ட். வாரம் முழுவதும் ரொட்டி வண்டி. சனிக்கிழமை பிற்பகல் பிரின்காம் ரக்பி சங்கத்தின் கோட்டு நடுவர். ஆடுகிற சங்கம் ஒவ்வொன்றும் தன் ஆள் ஒருவனைக் கொடியோடு எல்லைக்கோட்டில் நிறுத்த வேண்டும். பந்து வெளியே போனாலும் சரி, உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனாலும் சரி, கொடிதான் பேசும். எங்கள் ஊர்க் கொடி இருபது வருடமாக என் கையில். போப்பாண்டவருக்கு அடுத்தபடியாகத் தவறே செய்யாதவன் நான்தான் என்று சொல்வார்கள். நான் சொன்னபிறகு சொல்வார்கள்.

மாலையில் மெர்வின் வந்தான். என் தங்கை எலுனெட்டின் மகன். போன சுற்றில் கடைசி உதையில் எங்களை ஜெயிக்கவைத்த வலது கால் அவனுடையது. அந்தக் கால் இந்தப் பள்ளத்தாக்கின் பொதுச்சொத்து; அது இரவில் தூங்கும் கட்டிலுக்குக் காவல் போடலாம் என்று நானே செயற்குழுவில் பேசியிருக்கிறேன்.

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"விஷயம் கிடக்கட்டும்டா, இதைக் கேளு" என்று சீட்டு எடுத்த காட்சியைத் தேநீர்க் கெட்டிலை வைத்து நடித்துக் காட்டினேன். மூன்று முறை. அபர்வென் வந்து இறங்குவது, சேற்றில் மறைவது, நாங்கள் கோப்பையோடு லண்டன் வரை போய் ராணியைப் பார்க்காமலேயே திரும்பி வருவது, எல்லாம். அவன் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து போய்விட்டான். மகிழ்ச்சியில் வாயடைத்துப் போயிற்று, பாவம்.

நவம்பர் 2. செவ்வாய்

ரொட்டி உருண்ட கதையில் ரொட்டி இன்று இருநூறு ஆகிவிட்டது. ஒன்று நீந்திக் கரையேறியது.

நவம்பர் 4. வியாழன்

உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

கீழ்த்தெருவில் ரொட்டி கொடுக்கிறேன். ஒரு சாம்பல் நிறக் கார் மெதுவாக வந்தது. அபர்வென் சங்கத்துச் சின்னம் கண்ணாடியில். முன்னிருக்கையில் மெர்வின். மடியில் ஆட்டப் பை. என்னைப் பார்த்துவிட்டான். கண்ணாடியை இறக்கவில்லை. ஒரு கையைத் தூக்கி அசைத்தான். வாய் 'டாட்டா மாமா' என்று அசைந்தது. கார் போய்விட்டது.

ரொட்டி வாங்க வந்த அம்மாள் சொன்னாள்: "உங்க மருமவனை அபர்வென்காரன் எடுத்துக்கிட்டானாமே. அவங்க உதைக்கிற ஆளுக்கு முழங்கால் போச்சாம். திங்கக்கிழமையே பேசி முடிச்சாச்சாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரிஞ்சிருக்குமே! ஊரில் எந்தக் கோழி எந்தக் கூரையில் முட்டையிட்டது என்பது எனக்குத் தெரியும். இது தெரியாது.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு எங்கள் அணித்தலைவன் டியூடரைத் தேடிப் போனேன். எதையும் இரண்டு தடவை சொல்வான். அதனால் ரெண்டுவாட்டி டியூடர் என்று பெயர் வைத்தவன் நான்.

"தெரியும் ஹாண்டல், தெரியும். போறதுக்குச் சம்மதம் கொடுத்ததே நான்தான், நான்தான்."

"எனக்கு ஏன்யா சொல்லல?"

"உன்கிட்டச் சொன்னா ரொட்டியோட போயிடும்யா, ரொட்டியோட போயிடும்."

வீட்டுக்கு வந்தால் நெஸ்டா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "எலுனெட் திங்கக்கிழமையே சொன்னா."

என் மனைவி. என் தலைவன். என் தங்கை. எல்லாருக்கும் தெரியும். ஊரின் நாக்கு நான். எனக்கு மட்டும் காது இல்லை.

இந்தக் கோப்பையில் ஒரு சங்கத்துக்கு ஆடிவிட்டவன் அதே வருடம் இன்னொரு சங்கத்துக்கு ஆடக்கூடாது. ஆகவே அவன் எங்களுக்கு எதிராக ஆடப்போவதில்லை. எங்களுக்காகவும் ஆடப்போவதில்லை. எதிரி வந்து நம் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை. பீரங்கியே காரில் ஏறி டாட்டா காட்டிவிட்டுப் போனால்? வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். ஆடு வளர்க்கும் ஊர்தான் இது. ஆனாலும் இதுவரை எனக்கு வலித்ததில்லை.

நவம்பர் 5. வெள்ளி

பெயர் வைத்துவிட்டேன். டாட்டா மெர்வின்.

எங்கள் ஊரில் பாதிப்பேர் ஜோன்ஸ், மீதிப்பேர் டேவிஸ். பட்டப்பெயர் இல்லாவிட்டால் சொந்த மனைவியே வேறொருவனுக்குச் சோறு போட்டுவிடுவாள். அந்தத் துறையில் நான் பேராசான். முதல் தெருவில் ஒரு பெயரை ரொட்டியோடு கொடுத்தால் கடைசித் தெருவில் அது எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருக்கும். இன்று அப்படித்தான் ஆயிற்று. மதியத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒருவருக்கொருவர் டாட்டா காட்டிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் சொக்கப்பனை; வருடாவருடம் நவம்பர் ஐந்தில் பழைய ராஜதுரோகி ஒருவனின் பொம்மையை எரிப்போம். எரிக்கிற பொம்மையின் ஒரு கையை யாரோ மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். யாரும் யாருக்கும் விளக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். எலுனெட் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 7. ஞாயிறு

மெர்வின் மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவன் அப்பா போனதிலிருந்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை. நெஸ்டா அவன் தட்டை வைத்தாள். பிறகு எடுத்தாள். நல்லது. வராமல் இருப்பதே நல்லது. ஆட்டுக்கறி எனக்கு இன்னொரு துண்டு.

துண்டு இறங்கவில்லை.

நவம்பர் 10. புதன்

இப்போதுதான் உறைத்தது. நான் எவ்வளவு பெரிய மடையன்! அபர்வென்காரனுக்கு எங்கள் மைதானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மேல்கம்பத்தில் மலைக்காற்று பந்தை எப்படித் திருப்பும் என்று தெரியாது. பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று தெரியாது. தவளை மூலை தெரியவே தெரியாது. எங்கள் அரண்மனைக்கு இருக்கும் கோட்டை, அகழி, முதலை எல்லாம் அந்த ஒரு மூலைதான்.

ஆனால் அங்கே தவழ்ந்து வளர்ந்த ஒருவன் இப்போது அவர்கள் காரில் உட்கார்ந்திருக்கிறான். சொல்லாமலா இருப்பான்? சொல்வதற்குத்தானே காரே அனுப்புகிறார்கள்?

நவம்பர் 12. வெள்ளி

யோசனை வந்துவிட்டது. சாணக்கியத் தந்திரம். நெப்போலியன் என் ரொட்டி வண்டியில் கூடை தூக்கும் பையனாக இருந்திருந்தால் தோற்றிருக்கவே மாட்டான்.

நெஸ்டாவிடம், "ஞாயித்துக்கெழமை அவனைச் சாப்பிட வரச்சொல்லு. கோபமெல்லாம் போயிடுச்சுன்னு சொல்லு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "உனக்கா? போயிடுச்சா?"

"நான் என்ன கல்லா?"

"இல்ல மனுஷா, கல்லுன்னா பயமில்ல. வச்ச எடத்துல கெடக்கும்."

நவம்பர் 14. ஞாயிறு

வந்தான். முகத்தைத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். நெஸ்டாவுக்குத் திராட்சை ரொட்டி வாங்கி வந்திருந்தான். ரொட்டிக்காரன் வீட்டுக்கு ரொட்டி! வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

"மாமா, அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க கெட்டிலை வச்சு..."

"அதெல்லாம் போகட்டும்டா. பெரிய எடம் கூப்பிடுது, போகாம என்ன பண்ணுவ? குழம்பு ஊத்திக்க."

இதுதான் சமயம் என்று பேச்சுவாக்கில் விட்டேன்:

"தெரியுமா, தவளை மூலையைச் சரி பண்ணிட்டோம். பள்ளம் தோண்டி, குழாய் பதிச்சு, கல்லு கொட்டி, மேல புல்லு. இப்ப அங்க கல்யாணப் பந்தியே போடலாம்."

கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்தான். என்னைப் பார்த்தான். என் முகம் இருபது வருடக் கோட்டு நடுவர் முகம். அதில் எதுவும் எழுதியிருக்காது.

"அப்படியா மாமா?"

"மைதானத்துலயே காய்ஞ்ச எடம் அதுதான் இப்ப. நம்ம பசங்க மொத்த ஆட்டத்தையும் அந்தப் பக்கம்தான் ஆடப்போறாங்க. நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன் மாமா." கொஞ்சம் கழித்து, "அத்தே, இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு" என்றான்.

நெஸ்டா பாத்திரத்தை அவனிடம் நகர்த்தினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. போகும்போது வாசலில் அவளிடம் ஏதோ கேட்டான். அவள் சிரித்தது மட்டும் எனக்குக் கேட்டது.

பொறி வைத்தாயிற்று. இனி அபர்வென் எருமைகள் தானாக வந்து இறங்கும். இன்று கறி நன்றாக இறங்கியது.

நவம்பர் 20. சனி

மழை. மழை. மழை. தவளைக்குப் பட்டாபிஷேகம்.

நவம்பர் 24. புதன்

டியூடரிடம் தந்திரத்தைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பான் என்று நினைத்தேன். "சாப்பாட்டு மேசையிலயா சொன்ன? மேசையிலயா?" என்று மட்டும் கேட்டான். இவனுக்கு எதையும் ஒரு தடவையில் புரிந்துகொள்ளத் தெரியாது.

நவம்பர் 27. சனி

தோற்றோம். கொடியைத் தூக்கியவன் நான்.

நவம்பர் 28. ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

ஊர் மட்டுமா, மலையே வந்திருந்தது. ஆடுகள்கூட வேலியோரம் வரிசையாக நின்றன. அபர்வென் பேருந்து இறக்கத்தில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. அவர்களுடைய நாட்டு அணி வீரர்கள் நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே பிறவி எடுக்கலாம்.

ஆட்டம் தொடங்கியது. நான் கீழ்ப்பக்கக் கோட்டில். தவளை மூலை என் காலடியில். வாங்கடா ராசா, வாங்க என்று காத்திருந்தேன். ஒருத்தனும் வரவில்லை! பந்து அந்தப் பக்கம் உருண்டால் விட்டுவிட்டார்கள். ஓடி வருகிறவன் முதலையைக் கண்டவன்போல் உள்பக்கம் திரும்பினான். பாதி ஆட்டம் முடிவதற்குள் எனக்குத் தெளிவாகிவிட்டது. சொல்லிட்டான். நான் சொன்ன பொய்யை நம்பாம, உண்மையைப் போய் அவனுங்ககிட்டச் சொல்லிட்டான். என் சோத்தைத் தின்னுட்டு! உண்ட வீட்டுக்கு இரண்டகம்!

அவன் வந்திருந்தான். மேல்கம்பத்துக்குப் பின்னால், சரிவில் தனியாக, இரண்டு ஊர்க் கூட்டத்திலும் சேராமல் நின்றிருந்தான். எங்கள் பிள்ளைகள் அவனைப் பார்த்து டாட்டா காட்டினார்கள். நான் தடுக்கவில்லை. தடுப்பதா? கொடி கையில் இல்லாவிட்டால் நானும் காட்டியிருப்பேன்.

இதற்கெல்லாம் நடுவே எங்கள் பையன்கள் ஆடினார்கள். எப்படி ஆடினார்கள்! டியூடர் மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு கோட்டுக்குப் பின்னால் விழுந்தான். பந்தை விட்டாலும் பரவாயில்லை, அந்த மூன்று பேரையும் விடமாட்டான்போல. கடைசி நிமிடம். ஒன்பதுக்கு ஏழு. ஒன்பது நாங்கள்! பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது பிரதான நடுவர் ஊதினார். எங்கள் பக்கம் தப்பு. அபர்வெனுக்குத் தண்டனை உதை. உள்ளே போனால் மூன்று புள்ளி.

மேல்கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றோம். இடது கம்பத்தடியில் நான், வலது கம்பத்தடியில் அபர்வெனின் கோட்டு நடுவர் மான்செல் ரீஸ். வயதானவர், மெலிந்தவர். ஒரு காலில் பழுப்புக் காலணி, மறுகாலில் கறுப்பு. பெரிய ஊர் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அபர்வென்காரன் உதைத்தான். பந்து மேலே, மேலே, மூட்டத்துக்குள். என் கம்பத்தின் உச்சிக்கும் மேலே. ஊரே 'வெளியே!' என்று கத்தியது. பிரதான நடுவர் எங்களைப் பார்த்தார். மான்செல் கொடியைத் தூக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. என் கம்பம். என் வானம்.

உள்ளே. ஒரு விரல் அகலம். நான் பார்த்தேன். மூட்டம் ஒரு கணம் கிழிந்தது, பந்தின் தையல்கூடத் தெரிந்தது.

கொடியோடு கை தானாக மேலே போனது. இருபது வருடம் பழகிய கை, மூளையைக் கேட்கவில்லை.

பத்துக்கு ஒன்பது. ஊதிவிட்டார்கள். பிறகு யாரோ, என் முதுகுக்குப் பின்னால், மெதுவாக: "ஹாண்டல்... என்னய்யா பண்ணிட்ட?"

கொட்டகையில் விருந்து. ஈரல் உருண்டையும் பட்டாணியும். வழக்கப்படி இரண்டு ஊர்க்காரர்களையும் கலந்து உட்காரவைப்போம். எனக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன்கூட உட்காரவில்லை. மான்செல் வந்து உட்கார்ந்தார்.

"காலணிக்கு மன்னிக்கணும். ஒண்ணு உங்க பையன் ஒருத்தன் கொடுத்தது. சீக்கிரமே வந்து மைதானத்தைச் சுத்தி நடந்தேன். எப்பவும் நடப்பேன். கீழ்மூலையில என் வலது காலணி போயிடுச்சு. இன்னும் அங்கதான் இருக்கு. அதுக்கப்புறம் எங்க ஆளுங்க அந்தப் பக்கம் போவானுங்களா?"

முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "மெர்வின் சொல்லலையா?"

"மெர்வினா!" சிரித்தார். "உங்க மைதானத்தைப் பத்தி நாலு பேர் சேர்ந்து அவன்கிட்டக் கேட்டோம். வாயே திறக்கல. 'நான் உங்களுக்கு உதைக்க வந்தேன், எங்க ஊரைச் சொல்ல வரல'ன்னுட்டான். எங்க தலைவனுக்குக் கோபம். ரெண்டாவது அணிக்கு எறக்கிட்டான்." குழம்பைத் தொட்டு ரொட்டியைக் கடித்தார். "ஒண்ணே ஒண்ணு சொன்னான். நான் கேட்டேன், அங்க கோட்டுல நிக்கிற ஆள் எப்படிப்பட்டவன்னு. 'அவரைப் பத்திக் கவலையே படாதீங்க, அவர் கொடி பொய் சொல்லாது'ன்னான். அதனாலதான் நான் கடைசியில உங்களையே பாத்தேன்."

கொடி சொல்லாது. ஆமாம். கொடி சொல்லாது.

நெஸ்டாவிடம் வந்து சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு வாசல்ல என்கிட்ட என்ன கேட்டான் தெரியுமா? 'அத்தே, தவளை எங்க குடிபோச்சு?'ன்னான். நான் என்ன சொல்றது? சிரிச்சேன். அவனும் சிரிச்சான். அப்புறம் சிரிக்கல."

தெரிந்திருக்கிறது. நான் சொல்லி முடிக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. கோடை முழுவதும் காயாத மூலை நவம்பர் மழையில் காய்ந்தது என்று அவனிடம் சொன்னேனே! எதற்காகச் சொல்கிறேன் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இன்னும் இரண்டு உருளைக்கிழங்கு கேட்டிருக்கிறான்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. ஊட்டிய வீடே இரண்டகம் செய்தால் அதற்கு என்ன பழமொழி? யாரும் செய்யவில்லையா இதுவரை? நான்தான் முதலா?

நவம்பர் 30. செவ்வாய்

மேல்தெருவில் வண்டியை நிறுத்தினேன். ஒரு கதவு திறந்தது. ரொட்டி வாங்கவில்லை. ஒரு கையை நேராக மேலே தூக்கிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அடுத்த வீட்டிலும் அப்படியே. தெருமுனையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நின்று, குச்சியில் கைக்குட்டை கட்டி, ஒரே சமயத்தில் தூக்கினார்கள். அணிவகுப்பு மரியாதை.

கீழ்த்தெருவுக்கு நான் போவதற்குள் பெயர் போயிருந்தது. 'உள்ளே ஹாண்டல்'.

நல்ல பெயர்தான். தொழில் தெரிந்தவன் வைத்திருக்கிறான். யார் என்று விசாரித்தேன். ரெண்டுவாட்டி டியூடர்.

டிசம்பர் 3. வெள்ளி

மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். ஒவ்வொரு வாசலிலும், "மெர்வினைத் தங்கக்கால் மெர்வின்னு கூப்பிடலாமே, எவ்வளவு நல்லாருக்கு?" என்கிறேன். 'தங்கக்காலா? யாரு? ஓ, டாட்டாவா?' என்கிறார்கள். 'வாய்மூடி மெர்வின்' என்று போட்டுப் பார்த்தேன். அதற்கும் ஒரு அம்மாள், 'நீங்க மூடுங்க முதல்ல' என்றாள்.

விற்காத ரொட்டி திரும்பி வரும். விட்ட பெயர் வராது. அவனுக்குப் பிள்ளை பிறந்தால் 'டாட்டா மகன்' என்பார்கள். கல்லறையில்கூட அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். நான் போட்டேன். காலை ரொட்டியோடு, சூடாக.

டிசம்பர் 5. ஞாயிறு

தட்டு வைத்தாள். எடுத்தாள்.

நானே எலுனெட் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, "அவன் இல்ல. பயிற்சிக்குப் போயிருக்கான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்ன பயிற்சி? அவன் காலணி அவளுக்குப் பின்னால் நடையில் கிடந்தது.

"வந்தா சொல்றியா?"

"என்னன்னு சொல்ல அண்ணே?"

தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

டிசம்பர் 12. ஞாயிறு

வந்தான்.

திராட்சை ரொட்டி இல்லை. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு அவன் இடத்தில் உட்கார்ந்தான். நெஸ்டா பரிமாறினாள். மூன்று பேரும் ஆட்டுக்கறியை ஒரு பரீட்சைபோல் தின்றுகொண்டிருந்தோம். நான் கெட்டிலைத் தொடவில்லை.

பாதியில் அவன் கேட்டான், தட்டைப் பார்த்துக்கொண்டே:

"மாமா, தவளை மூலை எப்படி இருக்கு?"

நெஸ்டாவின் கரண்டி நின்றது.

"ஈரமாத்தான்டா இருக்கு" என்றேன். "அது என்னைக்குமே காயல. அன்னைக்கும் காயல."

"ம்."

"மான்செல் ரீஸோட காலணிகூட இன்னும் அங்கதான் கெடக்கு. தவளை அதுல குடித்தனம் பண்ணுது." இது மட்டும் வாய் தவறி வந்துவிட்டது. பழக்கதோஷம்.

அவன் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று எழுதினால் மிகைப்படுத்துவதாகும். நான் இனி மிகைப்படுத்துவதாக இல்லை. சிரிப்பின் பக்கத்து வீட்டுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

"அத்தே, உருளைக்கிழங்கு" என்றான்.

கார் வரும் இடம்வரை கூடவே நடந்தேன். அபர்வெனில் இரண்டாவது அணிக்குத்தான் இன்னும் உதைக்கிறானாம். திரும்பி வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி யாருக்கு இருக்கிறதோ அவர் கேட்கட்டும். தெரு நெடுக ஆட்கள். அவனைப் பார்த்துப் பாதிப்பேர் டாட்டா காட்டினார்கள். என்னைப் பார்த்து மீதிப்பேர் கையை நேராகத் தூக்கினார்கள். மலைமேலிருந்து பார்த்த ஆட்டுக்கு, இரண்டு மன்னர்கள் நகர்வலம் போவதையும் ஊரே எழுந்து நின்று கையுயர்த்தி வாழ்த்துவதையும் கண்டதுபோல் இருந்திருக்கும்.

"பேரை மாத்தப் பாத்தேன்டா. முடியல" என்றேன்.

"தெரியும் மாமா. தங்கக்கால்." தலையை ஆட்டினான். "அது டாட்டாவைவிட மோசம்."

சாம்பல் நிறக் கார் வந்தது. ஏறினான். கார் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு கண்ணாடி இறங்கியது.

அவன் கையை அசைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நேராக மேலே தூக்கினான். ஊர்க்காரர்கள் தூக்கும் கேலி இல்லை அது. முழங்கை மடங்காமல், விரல்கள் சேர்ந்து, கம்பத்தடியில் கொடி பிடிக்கிறவன் தூக்குவதுபோல. அன்றைக்கு மேல்கம்பத்துக்குப் பின்னால், சரிவில், தனியாக நின்றவன் அவன் ஒருவன்தானே. பந்து உள்ளே போனதை என்னைப்போலவே பார்த்த இன்னொருவன்.

இறக்கத்தில் கார் திரும்பும்வரை அந்தக் கை அப்படியே இருந்தது.

நான்தான் டாட்டா காட்டினேன்.